பத்திர ஆபீசில் பழைய நகல்: முன்னோரைத் தேடுகிறவர்கள் போகலாமா?

நிலம் வாங்கவோ விற்கவோ கடன் எடுக்கவோதான் நம் பக்கத்தில் பத்திர ஆபீசுக்குப் போவார்கள். நான் என் அம்மாச்சியின் அம்மா யார் என்று தெரிந்துகொள்ளப் போனேன். தெரிந்துகொண்டும் வந்தேன். அதனால் சார்பதிவாளர் அலுவலகத்தின் பழைய ஆவணத் தேடல், நகல் சேவை பற்றி விரிவாக எழுதுகிறேன். கும்பகோணம், வலங்கைமான், குடவாசல், மாயவரம் வட்டாரத்தில் வேர் உள்ள குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய புதையல் பக்கத்திலேயே இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. ஐந்துக்கு நான்கு தருவேன். அந்த ஒன்றை ஏன் பிடித்துவைத்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தாள்தான். அம்மாச்சியின் அண்ணன் தம்பிகள் 1954இல் செய்துகொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம். அதை நிலத்துக்காகப் படிப்பவர்கள் சொத்து விவரத்துக்குத் தாவிவிடுவார்கள். முன்னோருக்காகப் படிக்கிறவர்கள் முதல் பக்கத்தில் நிற்க வேண்டும். "நமது தகப்பனார் காலஞ்சென்ற இன்னார் 1922ஆம் வருஷம் எழுதிவைத்த உயில் சாசனத்தின் பிரகாரம்" என்று அதில் ஒரு வரி இருந்தது. கொள்ளுத்தாத்தா உயில் எழுதியது வீட்டில் இருந்த யாருக்குமே தெரியாது.

இந்த இடத்தில் பலர் செய்வது, கணினியில் வில்லங்கம், அதாவது ஒரு சொத்தின் பேரில் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பார்ப்பது. இணையத்தில் வில்லங்கம் பார்க்கும் வசதி நல்ல வசதிதான், ஆனால் அது பெரும்பாலும் 1975 வரைதான் பின்னால் போகும். இன்னொரு முக்கியமான விஷயம்: உயில் வில்லங்கத்தில் வராது. கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட் எல்லாம் பதிவாவது 1ஆம் புத்தகத்தில், வில்லங்கச் சான்று எடுப்பதும் அதிலிருந்துதான். உயிலுக்குத் தனியாக 3ஆம் புத்தகம். யாராவது "வில்லங்கம் பார்த்தாச்சு, ஒண்ணுமில்ல" என்று சொன்னால், உயில் இல்லை என்று அர்த்தம் இல்லை.

நேரில் போய் மனுக் கொடுத்தேன். நான் போன அலுவலகத்தில் அட்டவணைப் புத்தகங்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஓய்வுக்குப் பக்கத்தில் இருப்பவர்.

"எதுக்கும்மா இவ்வளவு பழசு? கேஸ் ஏதும் இருக்கா?"

"கேஸ் இல்லைங்க ஐயா. அம்மாச்சியோட அம்மா பேரு யாருக்கும் தெரியல. அதுக்குத்தான்."

கண்ணாடியைக் கழற்றி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "அப்படின்னா நெலத்த வெச்சுத் தேடாதீங்க, ஆள வெச்சுத் தேடுங்க" என்றார்.

அவர் சொன்னதுதான் இந்தச் சேவையின் சாவி. பதிவுச் சட்டப்படி அட்டவணைகள் பல வகை. முதல் அட்டவணை எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர்ப்படி. இரண்டாவது சொத்துப்படி, கிராமம், சர்வே எண் வைத்து. மூன்றாவது உயில் எழுதியவர்களுக்கு. நாம் பழக்கத்தில் சர்வே எண்ணோடு போய் நிற்கிறோம். முன்னோரைத் தேடுகிறவர்களுக்குப் பெயர் அட்டவணைதான் வீடு. எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று எழுதிக் கொடுத்தால், ஆண்டுக் கணக்கில் தேடுதல் கட்டணம் கட்ட வேண்டும். நகலுக்குத் தனிக் கட்டணம். ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உயில் நகல் யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும்தான். அவர் காலமான பிறகு, கேட்கிற எவருக்கும் நகல் தரலாம். 1922இல் உயில் எழுதியவருக்கு நான் எங்கே போய் இறப்புச் சான்று வாங்குவேன்? 1954ஆம் வருஷப் பத்திரத்தில் "காலஞ்சென்ற" என்று இருப்பதைக் காட்டினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

இனி அந்த உயில். துந்துபி வருஷம் ஆனி மாதம் எழுதியது. தேக அசௌக்கியமாக இருந்தாலும் புத்தி ஸ்வாதீனத்துடன் எழுதிவைப்பதாகத் தொடங்குகிறது. அடுத்து பிதுரார்ஜித நிலம் எது, சுயார்ஜிதம் எது என்று பிரித்துக்கொண்டே போகிறார். இதை அவர் நமக்காகச் செய்யவில்லை. தான் சம்பாதித்ததைத்தான் இஷ்டப்படி எழுதிவைக்க முடியும், முன்னோர் சொத்தில் மகன்களுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு என்பதால் செய்தார். ஆனால் பிரித்துக் காட்ட வேண்டியிருந்ததால் "என் பாட்டனார் 1878ஆம் வருஷம் கிரயம் பெற்ற நன்செய்" என்று எழுதிவிட்டார். ஒரே வரியில் இரண்டு தலைமுறை ஏறிவிட்டோம்.

அதற்குக் கீழே வந்ததைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. "என் மூத்த சம்சாரம்" என்று ஒரு பெயர். அவர் இறந்துபோனவர். அவர் பேரில் சித்திரை மாதம் தண்ணீர்ப் பந்தல் வைக்க இரண்டு மா நிலத்தின் வருமானத்தை ஒதுக்கியிருக்கிறார். அப்படி ஒருவர் இருந்தார் என்றே எங்கள் வீட்டில் நூறு வருஷமாக யாரும் பேசியதில்லை. பிறகு "இளைய சம்சாரம்", அவருக்கு ஆயுசு வரைக்கும் வருஷத்துக்குப் பன்னிரண்டு கலம் நெல் ஜீவனாம்சம். அவர் வயிற்றுப் பிறந்த "மைனர் பெண்" கல்யாணச் செலவுக்கும் நகைக்கும் தனியாகத் தொகை. அந்த மைனர் பெண்தான் என் அம்மாச்சி. அந்த வருஷம் அவளுக்கு ஏழு வயது இருக்கும். மைனருக்குக் கார்டியனாகத் தன் மைத்துனரை வைக்கிறார். மைத்துனர் யார், எந்த ஊர், யாருடைய குமாரர் என்று எழுதியாக வேண்டுமே. பந்தநல்லூர் என்று ஊரும், தகப்பனார் பெயரும் வந்துவிட்டன. கொள்ளுப்பாட்டியின் பெயர், அவள் பிறந்த ஊர், அவள் அப்பா பெயர் மூன்றும் ஒரே பத்தியில்.

பெண்களைத் தேடுகிறவர்கள் உயிலைத்தான் முதலில் தேட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். கிரயப் பத்திரங்களிலும் பட்டாவிலும் ஆண்கள் பெயர்தான் வரிசையாக வரும். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு முந்தைய காலத்தில் மகளுக்கு நிலத்தில் பங்கு அரிது. ஆனால் சாகப்போகிற மனிதன் யாருக்குச் சோறு போட வேண்டும், யாருக்குக் கல்யாணம் பண்ண வேண்டும் என்று நினைக்கிறபோது பெண்களின் பெயர் வந்தே தீரும்.

கிடைக்கவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம். உயிலைப் பதிவு செய்ய வேண்டும் என்று இன்றைக்கும் கட்டாயம் இல்லை. 1927 ஜனவரி 1க்கு முன்னால் நம் பக்கத்து ஊர்களில் இந்துக்கள் வாய்மொழியாகவே உயில் சொல்லலாம். மதராஸ் பட்டணத்துக்குத்தான் 1870லேயே தனிச் சட்டம் வந்தது. அந்த மாதிரி வாய்ச்சொல் உயில்கள் பின்னால் வந்த பாகப்பிரிவினைப் பத்திரங்களில் ஒரு வரியாக மட்டும் ஒளிந்திருக்கும்.

1878ஆம் வருஷத்துக் கிரயத்தைத் தேடியது அடுத்த கட்டம். இந்த 1ஆம் புத்தகத்துக்கு உயிலைப் போலக் கட்டுப்பாடு இல்லை, கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். பழைய தொகுதிகள் சில அலுவலகங்களிலிருந்து மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருக்கும் என்பதால் முதலில் விசாரித்துக்கொண்டு போங்கள். பத்திரம் கிடைத்தது. தாது வருஷப் பஞ்சம் முடிகிற நேரம். விற்றவர் கடன் தீர்க்க விற்பதாக எழுதியிருக்கிறார். வாங்கியவர் உயில் எழுதியவரின் பாட்டனார், அவர் இன்னாரின் குமாரர். என்னிலிருந்து எண்ணினால் ஏழாவது தலைமுறை அந்த இன்னார். நிலம் வேலி, மா, குழியில்தான் இருக்கிறது: நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. நம் பக்கத்துக் கணக்கில் மா என்பது முப்பத்துமூன்று சென்ட். ஆண்டு பசலியில், அதாவது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டில் இருந்தால் 590 கூட்டிக்கொள்ளுங்கள். பசலி ஜூலையில் தொடங்குவதால், ஜனவரி முதல் ஜூன் வரையிலான தேதிக்கு 591. தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் கவனம் வேண்டும், அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பிவரும்.

இப்போது சொல்லப்போவதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, புத்தகத்தைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டேன். நம் முன்னோர் நம் பத்திரத்தில் மட்டும் இல்லை. பக்கத்து வயல்காரர் பத்திரத்தில் இருக்கிறார். ஒவ்வொரு கிரயத்திலும் நான்கெல்லை எழுதுவார்கள்: இன்னார் நஞ்சைக்கு மேற்கு, இன்னார் தென்னந்தோப்புக்கு வடக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு. பந்தநல்லூர்க் கொள்ளுப்பாட்டியின் அப்பா பேரில் ஒரு பத்திரம்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் வேறொருவர் விற்ற நிலத்தின் கிழக்கெல்லையில் அவர் நிற்கிறார். எழுதி வாங்காமல் வழிவழியாக அனுபவித்த நிலம் போலிருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து எழுதிய இன்னொரு பத்திரத்தில் அதே எல்லையில் "மேற்படியார் வாரிசுகள்" என்று வருகிறது. அவர் எந்த ஆண்டுகளுக்கு இடையில் காலமானார் என்பதை எனக்குச் சொன்னது, சம்பந்தமே இல்லாத ஒருவரின் எல்லை விவரம். சாட்சிக் கையெழுத்தையும் விடாதீர்கள். மச்சான், சம்பந்தி, பங்காளிகள்தான் பெரும்பாலும் சாட்சி. பத்திரம் எழுதினவர் பெயரும் கடைசியில் இருக்கும்.

ஒரு மதிப்பெண்ணை ஏன் பிடித்தேன் என்றால், அட்டவணையில் பெயர் எழுதியிருக்கும் விதம் குமாஸ்தாவுக்குக் குமாஸ்தா மாறுகிறது. தலைப்பெழுத்து இராது, புள்ளி இராது, ஒரே ஆளின் பெயர் இரண்டு எழுத்தில் கிடக்கும். நான் கேட்ட தொகுதிகளில் ஒன்று தொட்டாலே உதிர்கிற நிலை, திறக்கவே மறுத்துவிட்டார்கள். அது சரியும்கூட. வாசலில் நின்று, சில நூறில் முடிகிற காரியத்துக்கு ஆயிரங்களில் கேட்டவர்களும் இருந்தார்கள். மனுவை நீங்களே எழுதுங்கள், அது ஒரு பக்கம்தான். ஊர் எந்த அலுவலகத்தில் இருந்தது என்பதும் மாறியிருக்கும். தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து 1991இல் நாகப்பட்டினமும், பிறகு திருவாரூரும், நாகப்பட்டினத்திலிருந்து 2020இல் மயிலாடுதுறையும் பிரிந்தன. 1982க்கு முந்தைய தாள்களில் மயிலாடுதுறை மாயூரம் என்றோ மாயவரம் என்றோ இருக்கும்.

தாலுகா ஆபீஸ் பதிவேடுகள் இதற்குத் துணை, மாற்று அல்ல. இன்றைய சர்வே எண்ணிலிருந்து பின்னால் போகிறவர்கள் 1979இலிருந்து 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிக்கும் வேலையில் எண்களும் உட்பிரிவுகளும் மாறியதை மனதில் வைத்து, பழைய எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். இனாம் நிலமாக, அதாவது மானியமாகக் கொடுத்த நிலமாக இருந்திருந்தால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இனாம் ஃபேர் ரிஜிஸ்டர் பாருங்கள். 1858இல் அமைத்த இனாம் கமிஷன் விசாரித்து எழுதியது அது. இனாம் யாருக்கு, எதற்காக, யார் கொடுத்தது என்று அதில் இருக்கும்.

நிலமே இல்லாதவர்கள் என்ன செய்வது? இந்தக் கேள்வியை விட்டுவிட்டு முன்னோர் தேடலைப் பற்றி நம் ஊரில் பேசுவது நியாயம் இல்லை. இந்த வயல்களில் நாற்று நட்டவர்களின், சேறு மிதித்தவர்களின் பெயர் கிரயத்தில் வராது. நான் புரட்டிய பத்திரங்களில் பண்ணை வேலை செய்தவர் ஒருவர் பெயர்கூட இல்லை, அது என்னை மிகவும் உறுத்தியது. அவர்களுக்கான தாள்கள் தாமதமாகத்தான் தொடங்குகின்றன, ஆனால் இருக்கின்றன. 1952இல் வந்த தஞ்சாவூர்ச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடந்த வழக்குகள். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதிய குத்தகை உரிமைப் பதிவேடு. 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டத்தில் மனைக்கு உரிமை பெற்றவர்களின் பதிவுகள். பட்டா வாங்கிய தாத்தாவின் அப்பா பெயரும் அதில் இருந்தால், அங்கிருந்து இன்னொரு தலைமுறை ஏறலாம். இந்தப் பதிவேடுகளைத் தேட பத்திர ஆபீஸ் உதவாது, தாலுகா ஆபீசில்தான் கேட்க வேண்டும். அங்கே பெயர் அட்டவணை இல்லை, ஊர் வாரியாகப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

போகிறவர்கள் குடும்பத்தில் இருக்கிற எந்தப் பத்திரத்தின் நகலையும் கையோடு கொண்டுபோங்கள், அடமானம் தீர்த்த தாள் என்றாலும் சரி. தாத்தாவின் பெயரை அவர் ஊரில் எப்படிக் கூப்பிட்டார்களோ அந்தப் பெயரையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நகல் கையில் வந்ததும் முதலில் நான்கெல்லையைப் படியுங்கள், அதில் வருகிற ஒவ்வொரு பெயரையும் தனித் தாளில் எழுதி, அடுத்த மனுவை அந்தப் பெயர்களுக்குப் போடுங்கள். நான் இப்போது என் மூத்த கொள்ளுப்பாட்டி பிறந்த ஊருக்காக அப்படித்தான் மனுப் போட்டிருக்கிறேன்.