ஆடி ஞாயிறு பாருங்கள்: மதுரையில் பள்ளித் தோழர்களைக் கூட்ட வருவோருக்கு

வெள்ளி விழாவோ பொன்விழாவோ, வாட்ஸ்அப் குழுவில் முதல் சண்டை தேதியில்தான் வரும். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் வேண்டும். அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் ஜூலையை அல்லது கிறிஸ்துமஸ் விடுமுறையைச் சொல்வார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு எந்த ஞாயிறும் சரி, அன்றைக்குச் சொந்தத்தில் ஒரு கல்யாணம் இல்லாமல் இருந்தால் போதும். மூன்று தரப்புக்கும் தோதான மாதம் ஆடி. ஜூலை 17 வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் 16 வாக்கில் முடியும் அந்த ஒரு மாதம் மதுரையில் மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். வாடகையில் பேரம் பேசலாம். சமையல் மாஸ்டரும் போட்டோகிராபரும் கேட்ட தேதிக்குக் கிடைப்பார்கள். ஆவணி பிறந்துவிட்டால் அதே மண்டபத்தில் மேனேஜர் போனையே எடுக்க மாட்டார். விமான டிக்கெட் ஜூலையில் விலை கூடுதல்தான். அதை மண்டபத்தில் மிச்சப்படுத்த முடியாது, ஆனால் ஆள் சேரும்.

ஆடிக்குள்ளும் நாள் பார்க்க வேண்டும். ஆடி வெள்ளியன்று மீனாட்சி அம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போகலாம் என்று நினைப்பவர்கள் அன்று மதியத்தை மறந்துவிடலாம். ஆடிப் பௌர்ணமியன்று அழகர்கோவிலில் தேர். அந்தப் பக்கம் வேன் போகாது. ஆடி அமாவாசையில் ராமேஸ்வரம் சாலை நிரம்பும். அமாவாசையும் ஞாயிறும் சேர்ந்து வந்தால் பிரியாணிக் கணக்கும் மாறும், பாதிப் பேர் கறி தொட மாட்டார்கள்.

இரண்டாவது தேர்வு மார்கழி. முகூர்த்தம் இல்லை, வெயில் இல்லை, பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை. ஆனால் ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தால் கோயிலைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் அறை கிடைக்காது. பனியால் மல்லிகை வரத்து குறைந்து கிலோ ஆயிரங்களில் விற்கும். பொங்கலை ஒட்டி வைக்க ஆசைப்படுபவர்கள் தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு வரிசையாக இருப்பதை நினைவில் வைக்க வேண்டும். டிரைவர்களே அங்கேதான் இருப்பார்கள். புரட்டாசியில் அசைவம் கிடையாது. சித்திரைத் திருவிழா சமயத்தில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கத் தனியாக வாருங்கள்; அந்த வாரத்தில் ஒன்றுகூடல் வைப்பது வேண்டாத வேலை.

யாரைக் கூப்பிடுவது என்பது அடுத்த சிக்கல். தமிழ்நாட்டில் பிளஸ் டூ 1978இல் வந்தது. அதற்கு முந்தைய செட் 11ஆம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்துப் பி.யு.சி. என்ற ஓராண்டுப் புகுமுக வகுப்புக்குக் கல்லூரி போனது; ஆகவே 2026இல் பொன்விழா காணும் 1976 செட்டுக்கு 'நம்ம வகுப்பு' எது என்பதில் குழப்பமே இல்லை. பிளஸ் டூ செட்டுகளுக்குத்தான் தகராறு: பத்தாவதோடு வேறு பள்ளிக்குப் போனவர், பதினொன்றில் புதிதாகச் சேர்ந்தவர் இருவரையும் சேர்க்கலாமா? சேர்த்துவிடுவதே நல்லது. விட்டுப்போனால் இருபது வருடம் பேசுவார்கள்.

பெயர்ப் பட்டியலுக்குப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடுதான் ஆதாரம். அதை வெளியே தர மாட்டார்கள். தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுத்து, ஆபீஸ் அறையில் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். உள்ளூர்க்காரர் ஒருவர் வேலைநாளில் போனால்தான் இது நடக்கும். ஒரே இனிஷியலில் மூன்று செந்தில்குமார் இருப்பார்கள், அப்பா பெயரும் பழைய முகவரியும் பதிவேட்டில் இருப்பதால் பிரித்துவிடலாம். பெண்களைத் தேடுவதுதான் கடினம்: கல்யாணத்துக்குப் பின் இனிஷியல் மாறியிருக்கும், பேஸ்புக்கில் கணவர் பெயரோடு இருப்பார்கள். அண்ணன் தம்பி வழியாகப் போனால் கிடைப்பார்கள்.

பள்ளி வளாகத்திலேயே நடத்த வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் ஆசை. உதவி பெறும் பள்ளியானால் செயலரிடமும், அரசுப் பள்ளியானால் தலைமையாசிரியர் வழியாகக் கல்வித்துறையிடமும் எழுத்தில் அனுமதி வேண்டும். வாய்வார்த்தையை நம்பிப் பந்தல் போட்டுவிட்டு, அதே ஞாயிறு அங்கே ஏதோ போட்டித் தேர்வுக்கு மையம் ஒதுக்கப்பட்டிருப்பது தெரிந்து ஓடியவர்கள் உண்டு. நல்ல வழி ஒன்று இருக்கிறது: காலையில் இரண்டு மணி நேரம் பள்ளியில் கூடி, மணி அடித்து, வகுப்பறையில் உட்கார்ந்து, போட்டோ எடுத்துக்கொண்டு, பதினொன்றுக்குள் மண்டபத்துக்குப் போய்விடுவது. பள்ளிக் கழிப்பறையையும் தண்ணீரையும் 150 பேருக்கு நம்பக் கூடாது.

மண்டபத்தில் சொல்லும் வாடகை ஒன்று, கடைசியில் கொடுப்பது ஒன்று. "அண்ணே, வாடகை போக வேற என்னென்ன வரும்?" என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். "கரண்டு மீட்டர் கணக்குண்ணே, ஜெனரேட்டர் ஓடுனா டீசல், கிளீனிங் தனி, கேஸ் சிலிண்டர் நீங்க பாத்துக்கணும்" என்று வரும். இவற்றோடு வாடகைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.; சொன்ன தொகையில் அது சேர்ந்திருக்கிறதா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். ஏ.சி. மண்டபமானால் ஏ.சி. எத்தனை மணி நேரம் என்பதும் அதில் இருக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் மீட்டரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கிளம்பும்போது இன்னொரு படம். கல்யாணத்துக்கு முதல் நாள் மாலையிலிருந்து மறுநாள் மதியம் வரை என்ற கணக்கில் வாடகை சொல்வார்கள். உங்களுக்குப் பகல் மட்டும் போதும், ஆடியில் அரை நாள் வாடகைக்கு ஒத்துக்கொள்வார்கள். மின்வாரியத்தின் மாதப் பராமரிப்பு நிறுத்தம் பெரும்பாலும் ஞாயிறைத் தவிர்த்தே வரும், சனிக்கிழமை வைப்பவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இனிப் பணம். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். நிதி சேர்ப்பவர் கணக்கு தனியாக இருக்கட்டும், வீட்டுச் செலவு ஓடும் கணக்கு வேண்டாம். வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் அமெரிக்கா, பிரிட்டன், சிங்கப்பூர், அமீரகம், கத்தார், சவுதி போன்ற சில நாடுகளின் கைபேசி எண்ணிலேயே யு.பி.ஐ. போட்டுக்கொள்ளலாம், வங்கி அதை ஏற்க வேண்டும். இந்திய எண்ணில்தான் ஓ.டி.பி. வருமென்றால் அந்த சிம் உயிரோடு இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். ரீசார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்த எண் வேறு யாருக்கோ போயிருக்கும். போன தடவை மிச்சமான 2,000 ரூபாய் நோட்டுகளை எடுத்து வந்து பயனில்லை. 2023 மே மாதம் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தபின் கடைகளில் வாங்குவதில்லை, ரிசர்வ் வங்கி அலுவலகம் இருக்கும் சென்னைக்குப் போய் மாற்ற வேண்டும், அல்லது தபாலில் அங்கே அனுப்பி வங்கிக் கணக்கில் வரவு வைக்கச் சொல்ல வேண்டும்.

விருந்துக்கான பங்குத்தொகையையும் பள்ளிக்கான நன்கொடையையும் ஒரே பையில் போடாதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தப் பணத்தை வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறி ஓ.சி.ஐ. அட்டையில் வருபவர் கொடுத்தால் ஆகும், எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இல்லாத பள்ளி நிர்வாகம் அதை வாங்க முடியாது. இதைத் தெரியாமல் மேடையில் காசோலை நீட்டினால், வாங்கிய நிர்வாகத்துக்குத்தான் பின்னால் தலைவலி. அரசுப் பள்ளியானால் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தின் வழியாகக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கிறோம் என்பதையும் குறிக்கலாம். எதைக் கொடுப்பது என்பதிலும் ஒரு வார்த்தை. செட் பெயர் பொறித்த வளைவு எந்தப் பிள்ளைக்கும் உதவாது. ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் நல்லதுதான், ஆனால் ஃபில்டர் மாற்ற ஆளில்லாமல் அடுத்த வருடமே நின்றுவிடும். ஐந்து வருடப் பராமரிப்புக்கும் சேர்த்துப் பணம் கட்டினால்தான் அது கொடை. கழிப்பறைச் சீரமைப்பைக் கேட்டால் எந்தத் தலைமையாசிரியரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

வந்துசேர மதுரை விமான நிலையம் ஊருக்கு 12 கிலோமீட்டர்தான். சர்வதேச விமானங்கள் சில ஊர்களுக்கே இருப்பதால் பலரும் சென்னையில் மாறி வருவார்கள். இரண்டு டிக்கெட்டாகப் போட்டால் உள்நாட்டு விமானத்தில் 15 கிலோதான் அனுமதி, இரண்டு பெரிய பெட்டிக்குக் கட்டும் தொகையில் காரே பிடித்து வந்துவிடலாம். இரண்டு விமானத்தையும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் போட்டுக்கொள்ளுங்கள். மலேசியா, சிங்கப்பூர்க்காரர்கள் திருச்சியில் இறங்குவது மேல், அங்கிருந்து சாலையில் சுமார் 135 கிலோமீட்டர். ரயிலுக்கு முன்பதிவு இப்போது 60 நாள்தான். பழைய 120 நாள் கணக்கில் இருக்க வேண்டாம்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்குச் சிறிய லாட்ஜுகளில் அறை இல்லை என்பார்கள். ஓ.சி.ஐ.க்காரரானாலும் தங்கும் விடுதி 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டும், அந்த வேலைக்குத் தயங்கியே மறுக்கிறார்கள். அறை போடும்போதே கேட்டுவிட்டால் இரவு பதினொன்றுக்குப் பெட்டியோடு அலைய வேண்டியதில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் தங்கினால் சித்திரை வீதிகளில் வண்டி வராது, மாசி வீதிகள் நெரிசல். வயதானவர்கள் வருகிறார்கள் என்றால் கே.கே.நகர், அண்ணாநகர் பக்கம் வசதி.

சமையல்காரரிடம் இலைக் கணக்கில்தான் பேச்சு. குழுவில் 'கண்டிப்பா வர்றேன்' என்று கட்டைவிரல் காட்டியவர்களில் வராமல் போவது வெளிநாட்டுக்காரரல்ல, உள்ளூர்க்காரர். டிக்கெட் எடுத்தவர் வந்தே தீர்வார். கடைசி எண்ணிக்கையை முந்தைய வியாழனன்று சொல்லிப் பத்து சதவீதம் கூடுதலாக வைத்தால் சரியாக வரும். நூறு பேருக்குப் பிரியாணி என்றால் சீரகச் சம்பா 10 கிலோ, ஆட்டுக்கறி 12 கிலோ. கறியை எடை போடும்போது நம் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்பது வழக்கம், மாஸ்டர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். சைவத்துக்குத் தனிப் பந்தி, தனிக் கரண்டி. காபிக்கு நூறு பேருக்கு ஒரு சுற்றுக்கு 8 லிட்டர் பால், இரண்டு சுற்று போகும். மதியம் மூன்று மணிக்கு ஜிகர்தண்டா. பாதாம் பிசினை முதல் நாள் இரவே ஊறப்போடாவிட்டால் அது வெறும் பாலும் ஐஸ்கிரீமும்தான்.

ஆசிரியர்களுக்கு எண்பது வயது கடந்திருக்கும். முகவரி கிடைக்காவிட்டால் ஓய்வூதியர் சங்கத்தில் கேட்டால் கிடைக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு கார், காரோடு அவரிடம் படித்த ஒருவர், "சார், கூட்டிட்டுப் போக வந்துருக்கேன்" என்று வாசலில் நிற்க வேண்டும். தரைத்தள மண்டபம், மேற்கத்திய கழிப்பறை இரண்டும் இல்லையென்றால் அவர்களை அழைப்பதில் அர்த்தமில்லை. பொன்னாடையை ஒருவருக்கு ஒன்றோடு நிறுத்தி, வருபவர் எல்லாம் ஆளுக்கொன்று போர்த்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களை முதலில் சாப்பிட வைத்து இரண்டு மணிக்குள் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது நல்லது.

குரூப் போட்டோவை ஒன்பதரைக்குள் எடுக்காவிட்டால் வெயிலில் முகமெல்லாம் கருப்பு. எண்பது பேர் என்றால் முன்னால் நாற்காலியில் ஆசிரியர்கள் 12 பேர், பின்னால் நிற்பவர், பெஞ்சில் ஏறியவர் என்று வரிசை. ஐம்பது தாண்டியவர்களை டெஸ்க் மேல் ஏற்றாதீர்கள், பள்ளிப் படிக்கட்டு இருக்கிறது. பெயர்களை இடமிருந்து வலமாக அன்றைக்கே எழுதி வாங்குங்கள். பிறகு யாருக்கும் நினைவிருக்காது. டிரோன் கேட்பார்கள். கோயிலும் விமான நிலையமும் இருக்கும் ஊரில் அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில்தான் இறங்கும்.

மறுநாள் கோயிலுக்கு என்றால் நடை மதியம் 12.30க்குச் சாத்தி 4 மணிக்குத் திறக்கும். 2018 தீ விபத்துக்குப் பிறகு உள்ளே கைபேசிக்குத் தடை, வாசலில் ஒப்படைக்க வரிசை நிற்கும். போனை அறையிலேயே விட்டுவருவது நேரத்தை மிச்சப்படுத்தும். அரைக்கால் சட்டையோடு வரும் பிள்ளைகளுக்கு வேட்டி எடுத்துவையுங்கள். கொடைக்கானல் திட்டம் இருந்தால் 2024 மே முதல் வண்டிக்கு இ-பாஸ் கட்டாயம், டிரைவர் எடுத்திருக்கிறாரா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளவும். உள்ளூர்ச் சுற்றுக்கு வேன் 8 மணி நேரம், 80 கிலோமீட்டர் என்ற கணக்கில் வரும். கீழடி அருங்காட்சியகம், திருப்பரங்குன்றம், அழகர்கோவில் மூன்றும் அதற்குள் இழுத்துப் பிடித்தால் அடங்கும். டிரைவர் பேட்டா தனி.

மண்டப டெபாசிட்டை வாங்கும் வேலையை அன்று மாலை விமானம் ஏறுபவரிடம் கொடுக்காதீர்கள். பாத்திரம் எண்ணி, மீட்டர் பார்த்து, கழித்துக்கொண்டு மீதியைத் தர மறுநாள் பத்து மணி ஆகும்.