இயக்க வினைகளும் ஆங்கில முன்னிடைச்சொற்களும்: நெடுநாள் புழக்கத்தில் கண்டவை

அலுவல் கடிதங்கள் எழுதுவதும் மொழிபெயர்ப்புகளைத் திருத்துவதுமாக ஆண்டுக்கணக்கில் ஆங்கிலத்தோடு புழங்கி வரும் எனக்கு, வினையின் காலங்களைவிட, நடத்தல், ஓடுதல் போன்ற வினைகளை அடுத்து வரும் டு, இன்டு, த்ரூ, அக்ராஸ் முதலிய முன்னிடைச்சொற்களே கூடுதல் வேலை வைத்திருக்கின்றன. அவற்றைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாதையை எந்தச் சொல் சுமக்கிறது என்று கவனிப்பதே நீடித்துப் பயன்பட்டிருக்கிறது.

தமிழில் நுழை, ஏறு, இறங்கு, கட என்னும் வினைகளே பாதையைச் சொல்லிவிடுகின்றன. நீந்தி, ஓடி, தவழ்ந்து என்னும் எச்சங்கள் விதத்தைச் சொல்கின்றன. 'ஆற்றை நீந்திக் கடந்தாள்' என்பது ஆங்கிலத்தில் 'ஷி ஸ்வாம் அக்ராஸ் த ரிவர்' ஆகும்போது, நீந்துதல் முதன்மை வினையாகி, கடத்தல் முழுவதும் அக்ராஸுக்குள் போய்விடுகிறது. மொழிகளிடையே உள்ள இவ்வகை வேறுபாட்டை மொழியியலாளர் லெனர்ட் டால்மி 1985இல் வெளிவந்த தம் கட்டுரையில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். என்டர், அப்ரோச் போன்ற வினைகள் பாதையைத் தம்முள்ளேயே கொண்டிருப்பதால், அறைக்குள் நுழைவதற்கு 'என்டர் த ரூம்' போதும். 'என்டர் இன்டு' என்பது ஒப்பந்தத்துக்கும் பேச்சுவார்த்தைக்கும் உரியது.

இந்தப் பார்வை பழகியபின் நுட்பங்களும் பிடிபடுகின்றன. குட்டையான புல்வெளியை அக்ராஸ் கொண்டு கடக்கலாம். அதே புல் இடுப்பளவு வளர்ந்து நம்மைச் சூழ்ந்துகொண்டால் த்ரூ வேண்டும். பந்தை ஒருவரிடம் டு என்று எறிந்தால் அவர் பிடிப்பதற்காக, அட் என்று எறிந்தால் அவர்மேல் படுவதற்காக. 'வாக் இன் த பார்க்' பூங்காவுக்குள்ளேயே உலவுவது, 'வாக் இன்டு த பார்க்' வெளியிலிருந்து உள்ளே செல்வது. ஆனால் ஜம்ப், ஃபால் போன்ற வினைகளோடு இன் மட்டுமே இன்டுவின் வேலையையும் செய்துவிடும்.

இம்முறை கைகொடுக்காத இடங்களும் உண்டு. ஹோம், அப்ராட், அப்ஸ்டேர்ஸ் ஆகியவற்றின் முன் டு வராது என்பதை நினைவில் வைப்பதைத் தவிர வழியில்லை. எழுந்து நிற்க இடமுள்ள பேருந்துக்கு ஆன், காருக்கு இன் என்று சொல்லித்தரப்படும் விதி, மிதிவண்டிக்கும் குதிரைக்கும் ஆன் வரும்போதே ஆட்டம் காண்கிறது. 'அவுட் ஆஃப் த விண்டோ' என்னும் பிரிட்டன் வழக்கில் உள்ள ஆஃப், அமெரிக்க வழக்கில் பெரும்பாலும் விடுபடுகிறது; இரண்டுமே சரியென்பதால், ஒரே ஆவணத்தில் இரண்டும் கலக்காமல் பார்த்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.