கேலமைன் லோஷன்: எண்ணெய் வழியும் முகத்துக்கு எவ்வளவு உதவும்?

மருந்துக்கடையில் ரோஸ் நிறத்தில் இருக்கும் கேலமைன் லோஷனைப் பரு மருந்து என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அது எண்ணெயை உறிஞ்சும், அரிப்பையும் எரிச்சலையும் தணிக்கும். அந்த இரண்டையும் உருப்படியாகச் செய்யும். பருவை மட்டும் ஆற்றாது.

பிரிட்டிஷ் மருந்து நூலின் செய்முறைப்படி 100 மில்லி லோஷனில் கேலமைன் தூள் 15 கிராம், துத்தநாக ஆக்சைடு 5 கிராம், பென்டோனைட் களிமண் 3 கிராம், கிளிசரின் 5 மில்லி. ரோஸ் நிறம் தருவது கொஞ்சம் இரும்பு ஆக்சைடு. இந்தத் தூள்கள் தண்ணீரில் கரையாது. பாட்டிலை நாலு நாள் அசையாமல் வைத்தால் அடியில் சேறுபோலப் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். குலுக்காமல் ஊற்றினால் முகத்துக்கு வருவது அந்த நீர்தான்; கடைசியில் மிஞ்சுவது பூச முடியாத சாந்து. படிவு முழுக்கக் கலையும்வரை குலுக்க வேண்டும்.

இரவில் முகம் கழுவி ஈரத்தை ஒற்றியெடுத்தபின், பஞ்சில் நாலைந்து சொட்டு விட்டு நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் ஒற்றுங்கள். கன்னம் வறண்டிருந்தால் விட்டுவிடுங்கள். பகலில் பூசினால் மாநிறத் தோலில் சாம்பல் பூத்த மாதிரி தெரியும்.

பரு கிளம்புவது தோலின் நுண்துவாரத்துக்குள்ளே: எண்ணெயும் செத்த செல்களும் அடைத்து, அங்கே கிருமி பெருகுகிறது. கேலமைன் மேலேயே நின்றுவிடும். உள்ளே வேலை செய்வது 2.5% பென்சாயில் பெராக்சைடு ஜெல், அல்லது இரவில் 0.1% அடாபலீன் ஜெல். முன்னது கலர் துண்டு, தலையணை உறையை வெளுக்க வைக்கும். பின்னதில் முதல் சில வாரம் பரு கூடினமாதிரி தெரியலாம். 12 வாரம் பொறுக்காமல் பலனில்லை என்று நிறுத்தாதீர்கள். கர்ப்பிணிகள் அடாபலீனைத் தொடக் கூடாது. இவற்றோடு கேலமைனையும் தினமும் பூசினால் தோல் வறண்டு உரியலாம்.

முல்தானி மட்டி நல்ல துணை, வாரம் ஒரு தடவை போதும். இரண்டு டீஸ்பூன் மட்டியைப் பன்னீர் விட்டுத் தோசைமாவுப் பதத்தில் குழைத்துப் பூசி, எட்டுப் பத்து நிமிஷத்தில், தொட்டால் விரலில் ஈரம் ஒட்டும்போதே கழுவிவிடுங்கள். வெடித்து இறுகும்வரை விட்டால் தோலின் ஈரமும் போய்விடும். பிறகு வரும் எரிச்சலைப் பலர் 'வேலை செய்கிறது' என்று எடுத்துக்கொள்கிறார்கள். எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம்: கடும் அமிலம், வெயில் பட்டால் தோல் கன்றிக் கருக்கும். பரு வரும் முகத்துக்குத் தேங்காய் எண்ணெயும் ஆகாது, துவாரத்தை அடைக்கும்.

கேலமைன் கேட்கும்போது கடைக்காரர் 'இது இன்னும் நல்லாக் கேக்கும்' என்று வேறு டியூப் நீட்டினால், உறையைத் திருப்பிப் பாருங்கள். மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று எதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. ஒரு வாரம் முகம் பளிச்சென்றிருக்கும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, பரு இன்னும் கூடும். தாடையில் வலிக்கும் கட்டிகளோ குழிவிழும் தழும்போ இருந்தால் மருந்துக்கடையில் கேட்காமல் நேரே தோல் மருத்துவரிடம் போங்கள்.