தோட்டத்து ஏரிக்கு ஏற்ற பைனாகுலரா? நிக்கோன் மோனார்க் எம்5 8×42

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில், செம்பனைக்கு நடுவே கிடக்கும் சின்ன ஏரியில் பறவை பார்க்க 8 மடங்கு பெருக்கிக் காட்டும் பைனாகுலர் போதும் (8×42-இல் 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மி.மீ. கணக்கில்). பலர் 10 மடங்கை வாங்கிவிட்டுக் கை நடுங்குகிறது என்று வருந்துகிறார்கள். நடுக்கமும் கூடவே பெரிதாகும் அல்லவா!

வடக்கே இலையுதிர்காலம் தொடங்கியதும் தெற்கே கிளம்பும் பறவைகள் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இங்கே வந்து சேர்கின்றன. பேராக்கில் சூரியன் எழவே காலை ஏழு மணியாகிவிடும். அந்த மங்கல் வெளிச்சத்தில்தான் எம்5 தன் அருமையைக் காட்டுகிறது. கண்ணில் விழும் ஒளிவட்டம் பெரிதானால் மங்கலிலும் காட்சி வெளிச்சமாக இருக்கும்; எம்5 8×42-இல் அது 5.3 மி.மீ., 10×42-இல் 4.2 மட்டுமே. சேற்றோரம் நடக்கும் உள்ளானின் தோளருகே ஏறும் வெள்ளைப் பட்டையும், பொறி உள்ளானின் முதுகுப் புள்ளிகளும் புருவக்கோடும் தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன. இவை இரண்டையும் பார்க்க அக்டோபர் நடுவுக்குள் போய்விடுங்கள். பிறகு மழை வலுத்து ஏரி நிரம்பினால் சேறு மூழ்கும், உள்ளான்களும் இடம் மாறும்.

குறை, பார்வைப் பரப்பு. 100 மீட்டர் தூரத்தில் 11.2 மீட்டர் அகலம்தான் தெரியும். நிக்கோனின் இன்னொரு மோனார்க் ரகமான எம்7 8×42-இல் 14.5 மீட்டர். தண்ணீரை உரசிப் பறக்கும் தகைவிலானையும், தும்பியைத் துரத்தும் நீலவால் பஞ்சுருட்டானையும் எம்5-இல் அடிக்கடி தவறவிடுவீர்கள். பறக்கும் பறவையில்தான் ஆசை என்றால் கூடுதல் பணம் கொடுத்து எம்7 வாங்குவதே நல்லது.

வாங்கியதும் கண்ணுக்குச் சரிசெய்யுங்கள். வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பித் தூரத்துப் பலகை எழுத்து ஒன்றைக் கூர்மையாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலக்கண் வைக்கும் குழாயில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைக் கூர்மையாக்குங்கள். பைக்குள் உரசி வளையம் நகர்ந்துவிடும் என்பதால் அந்த இடத்தில் சிறு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண்குவளையை முழுக்க இறக்கிவிடலாம், கண்ணுக்கும் பைனாகுலர் கண்ணாடிக்கும் நடுவே 19.5 மி.மீ. இடைவெளி இருந்தாலும் முழுக் காட்சியும் தெரியும்.

உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைத்திருப்பதால் உள்கண்ணாடி மங்காது. ஆனால் ஏர்கோன் அறையிலிருந்து நேரே ஏரிக்குக் கொண்டுபோனால் வெளிக்கண்ணாடியில் பனி படியும். தேய்க்காதீர்கள், சற்று நேரத்தில் தானே போய்விடும். துடைப்பதானால் முதலில் தூசியை ஊதித் தள்ள வேண்டும். மணல்துகள் ஒன்று மாட்டினாலும் பூச்சில் கீறல் விழும். நம் ஈரக்காற்றில் தோலுறைக்குள் பூட்டி வைப்பது பூஞ்சணத்தை அழைப்பதாகும். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்குமாறு வையுங்கள்.

630 கிராம் எடை கழுத்தை உறுத்தும். தோளில் குறுக்காக மாட்டும் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகுக்குப் பின்னே இருக்கும், நிறங்கள் சரியாகத் தெரியும்.