அஞ்சறைப்பெட்டியில் ஒரு வால்வு: மூன்று வருடம், மூன்று ஜோடி பேட்டரி

மூன்றாவது ஜோடி பேட்டரி வாங்கி வந்த அன்று இரவுதான் திருச்சி நண்பர் போன் பண்ணினார். "அண்ணே, அந்த வால்வு பஃபர் கட்டுனீங்களே, நானும் ஒண்ணு கட்டலாம்னு இருக்கேன். மூணு வருஷத்துக்கு அப்புறம் எப்படி இருக்கு?" நேரம் பார்த்துக் கேட்கிறார் மனுஷன். அப்போது என் மடியில் வயிறு வீங்கிய 7 ஆம்பியர் பேட்டரி ஒன்று உட்கார்ந்திருந்தது. "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் காபி குடிக்கும்போது, சொன்னது முழு நியாயமில்லை என்று தோன்றியது. முழு அநியாயமும் இல்லை.

வால்வு என்றால் பழைய ரேடியோக்களில் எரியுமே, அந்தக் கண்ணாடிக் குழாய். பஃபர் என்றால் ஒலியைப் பெருக்காமல், அடுத்த கருவிக்குத் தளராமல் கொண்டுசேர்க்கும் சுற்று. என்னுடைய சுற்று தெரிந்ததுதான். ஒரே ஒரு 12ஏயூ7 (ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வு), அதன் இரண்டு பாதிகளும் கேத்தோடு ஃபாலோயர், அதாவது கிரிட் என்ற முனையில் நுழையும் அலையைக் கேத்தோடு என்ற முனையில் அப்படியே எடுத்துக்கொடுக்கும்; இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று. இரண்டு 12 வோல்ட் யுபிஎஸ் பேட்டரிகள் தொடராக. 24 வோல்ட்டில் வால்வு வேலை செய்யுமா என்று கேட்பவர்களுக்கு: செய்யும், முக்கி முக்கிச் செய்யும். ஒலியைப் பெருக்க வேண்டியதில்லை என்பதால் அது போதும்.

எனக்கு இது தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. என்னிடம் பிரீஆம்ப் (பவர் ஆம்புக்கு முன்னால் வைக்கும் பெருக்கி) கிடையாது. டாக்கிலிருந்து (டிஜிட்டல் பாட்டை ஒலி அலையாக மாற்றும் பெட்டி) ஒரு 50 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல், அங்கிருந்து சுவரோரமாக ஐந்து மீட்டர் வயர், மறுமுனையில் 22 கிலோ ஓம் உள்ளீடு கொண்ட பவர் ஆம்ப். வால்யூமின் தொடுமுனையை உள் தடத்தின் பாதியில் நிறுத்தினால் அது 12.5 கிலோ ஓம் தடைக்குப் பின்னால் இருந்து ஒலியை அனுப்புவதுபோல் நிற்கிறது. அதன் தலையில் 22 கிலோ ஓமைக் கட்டினால் நாலு டெசிபல் அங்கேயே போய்விடும். வயரின் கெபாசிட்டன்ஸ் மேல்ஸ்தாயியைக் கொஞ்சம் கடிக்கும். நடுவே ஒரு பஃபர் வைத்தால் இரண்டு தொல்லையும் தீரும். மலிவாகக் கிடைக்கும் என்இ5532 சில்லு இதை இன்னும் ஒழுங்காகச் செய்யும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வால்வு வைத்தேன். ஆசைக்கு விளக்கம் கேட்காதீர்கள்.

பெட்டி, அம்மா ஒதுக்கிவிட்ட எவர்சில்வர் அஞ்சறைப்பெட்டி. மூடியில் வால்வு சாக்கெட்டுக்கு ஓட்டை போட வீட்டு டிரில் மறுத்துவிட்டது; லேத்துப் பட்டறையில் கொடுத்து வாங்கினேன். முதல் மாதம் முழுக்க லேசான சீரக வாசனை, வால்வு சூடானதும் கிளம்பும். அது பிடித்திருந்தது. பிடிக்காதது, மேஜையில் டம்ளர் வைத்தால்கூட ஸ்பீக்கரில் "டிங்" என்று மணி அடித்தது. வால்வுக்குள் இருக்கும் உலோகத் துண்டுகள் அதிர்வதும் ஒலியாகிவிடுகிறது, அதற்கு இந்தத் தகரமூடி நல்ல தாளம் போட்டது. சாக்கெட்டுக்கு அடியில் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வைத்ததும் முக்கால்வாசி அடங்கியது.

மேம்பாடு என்று நான் செய்தவற்றில் காதுக்குத் தெரிந்தது இரண்டுதான். முதலாவது, வெளியீட்டுக் கெபாசிட்டர். கையில் இருந்தது என்று 0.1 மைக்ரோஃபாரட் போட்டிருந்தேன். அது 22 கிலோ ஓமோடு சேர்ந்து 72 ஹெர்ட்ஸுக்குக் கீழே கதவைச் சாத்திவிட்டது. மிருதங்கத்தில் வலந்தலை கணீரென்று கேட்கிறது, தொப்பி மட்டும் பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல! இரண்டு வாரம் ஸ்பீக்கரைத் திட்டினேன். 2.2 மைக்ரோஃபாரட் பாலிபுரோப்பிலீன் போட்டதும் தொப்பி கூடத்துக்கே வந்து உட்கார்ந்தது.

இரண்டாவது, கிரிட்டின் இடம். முதலில் கிரிட் ரெசிஸ்டரைத் தரையில் (சுற்றின் பூஜ்ய வோல்ட் புள்ளியில்) கட்டியிருந்தேன். கேத்தோடு தரையிலிருந்து ஒன்றரை வோல்ட் உயரத்தில்தான் நிற்கும். சத்தம் கூடினால் அலையின் கீழ்ப்பாதிக்கு இறங்க இடமில்லை, நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனால் கரகரக்கும். ஒரு நாள் பேட்டரிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது உறைத்தது: இரண்டும் சேரும் இடத்தில் 12 வோல்ட் சும்மா கிடக்கிறதே! கிரிட் ரெசிஸ்டரின் காலை அங்கே மாற்றினேன், கேத்தோடு ரெசிஸ்டரை 47 கிலோ ஓம் ஆக்கினேன். அலைக்கு மேலும் கீழும் இடம் கிடைத்தது, கரகரப்பு போயிற்று. இதைக் கண்டுபிடித்த இரவு நான் நடந்துகொண்ட விதத்தை மனைவி இன்னும் உறவினர்களிடம் சொல்லிக் காட்டுகிறாள்.

வால்வை மாற்றியதும் மேம்பாடுதான் என்று நானும் கொஞ்ச நாள் நம்பினேன். பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவரின் பிஸ்கட் டப்பாவிலிருந்து பெங்களூர் பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) தயாரிப்பு ஒன்று கிடைத்தது. அந்தக் கம்பெனி ரேடியோ வால்வு செய்த காலம் ஒன்று இருந்தது என்பதே இப்போது பலருக்குத் தெரியாது. குரலில் ஈரம் கூடியதுபோல் இருந்தது. மகளை விட்டு, நான் பார்க்காமல் மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். ஐந்தில் இரண்டு சரியாகச் சொன்னேன். "காசு சுண்டினாலே ரெண்டரை வரும்ப்பா" என்றாள். இப்போதும் பெல் வால்வுதான் ஓடுகிறது.

சரி, பேட்டரிக்கு வருகிறேன். மூன்று வருடமாக என்னைப் படுத்தியது அதுதான்.

பேட்டரி ஏன் என்றால், அமைதிக்காக. வால்யூமை முழுக்கத் திறந்து ட்வீட்டரில் (மேல்ஸ்தாயிக்கான ஸ்பீக்கரில்) காதை ஒட்டினால்கூட, வீட்டுக் கரண்டிலிருந்து வரும் அந்த 100 ஹெர்ட்ஸ் முனகல் இல்லை. பழைய பாடல்களில் பாடகர் மூச்சை இழுக்கும் இடம் தனியாகத் தெரிகிறது. இந்த ஒன்றை மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசியதில்லை.

ஆனால் முதல் ஜோடி பதினான்கு மாதத்தில் செத்தது. பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று எங்கள் பேட்டைப் பேட்டரிக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பழையதுக்கு எடைக்குப் பணம் கழித்துக்கொண்டு புதிது கொடுத்தார். அதுவும் ஒன்றரை வருடத்தில் மண்டையைப் போட்டது. இந்த முறை எடுத்துப்போனபோது பேட்டரிகளை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்று வீங்கியிருக்கிறது, மற்றது ஒல்லியாகவே இருக்கிறது. "சார், ரெண்டையும் ஒரே சார்ஜர்ல சேத்துப் போடுறீங்களா?" ஆமாம், 27.6 வோல்ட் சார்ஜர் என்றேன், பெருமையாக. "ரெண்டும் ஒரே வேலையா செய்யுது?"

அங்கேதான் எனக்கு முகம் செத்துப்போனது. கீழ் பேட்டரி ஹீட்டருக்கு (வால்வைச் சூடாக்கும் இழைக்கு) 150 மில்லிஆம்பியர் கொடுக்கிறது. மேல் பேட்டரிக்கு வால்வின் வழியே ஓடும் பிளேட் மின்னோட்டம் மட்டும்தான் பாரம், அது ஒரு மில்லிஆம்பியர்கூட இல்லை. தினம் மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்டால் பத்து நாளில் கீழ் பேட்டரி நாலரை ஆம்பியர்-மணி காலி, மேல் பேட்டரி கிட்டத்தட்ட முழுசு. இப்படிப்பட்ட இரண்டையும் தொடராக வைத்து ஏற்றினால், நிறைந்ததற்கு மேலும் மேலும் ஊட்டுகிறோம், பசித்தது பசியோடே படுக்கிறது. வீட்டுக்கு வந்து கடைசியாக ஒருமுறை சார்ஜரைப் போட்டு மீட்டர் வைத்துப் பார்த்தேன். மேலே 14.9. கீழே 12.7. கூட்டினால் அச்சாக 27.6. சார்ஜரின் பச்சை விளக்கு மட்டும் எல்லாம் நலம் என்று மூன்று வருடமாக எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

இதில் பேட்டரியின் குற்றம் என்ன, கடைக்காரரின் குற்றம் என்ன? வால்வின் குற்றம்தான் என்ன? வரைந்தது நான். கிரிட்டுக்கு நடுப்புள்ளியைக் கண்டுபிடித்துத் துள்ளிய அதே ஆள், அந்த நடுப்புள்ளியின் இருபுறமும் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை மீட்டர் வைக்கவில்லை. கோபம் இன்னும் இருக்கிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இப்போது ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனி 13.8 வோல்ட் சார்ஜர். பாட்டு, நிறுத்தம், சார்ஜ் என்று மூன்று நிலை சுவிட்ச். பாட்டு நிலையில் சார்ஜர்கள் இரண்டும் முழுக்கத் துண்டிக்கப்பட வேண்டும். ஒரு வயர் ஒட்டிக்கொண்டிருந்தாலும் முனகல் திரும்ப வந்துவிடுகிறது, பிறகு பேட்டரி வைத்ததற்கே அர்த்தமில்லை. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்குப் போகலாம் என்று ஒரு யோசனை. ஹீட்டருக்கு அதன் நிலையான வோல்டேஜ் நன்றாகப் பொருந்தும். இந்த ஜோடி சாகட்டும், பார்ப்போம்.

அணைக்க மறப்பதற்கு மட்டும் எந்த மாற்றும் கண்டுபிடிக்கவில்லை. பகலில் வால்வின் வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது. காலையில் ஆபீஸ் கிளம்பிப் போய், இரவு வந்து பார்த்தால் அது தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். போன வாரம் மின்சாரம் போனபோது வீடே இருட்டு, கூடத்து மூலையில் அது மட்டும் செம்மஞ்சளாக. பவர் ஆம்ப் இல்லாமல் சத்தமும் இல்லை. "யாருக்குடா அகல் ஏத்தி வெச்சிருக்க?" என்றாள் அம்மா.

திருச்சிக்காரருக்கு நேற்று எழுதிவிட்டேன்: கட்டாதீங்க, அந்த என்இ5532-ஐ வாங்கிப் போடுங்க, நிம்மதியா இருங்க. அதே செய்தியில் வீட்டு விலாசமும் கேட்டிருக்கிறேன். ஒன்பது கால் பீங்கான் சாக்கெட் ஒன்று என்னிடம் உபரியாகக் கிடக்கிறது.