மிலானில் 'லாஸ்ட் சப்பர்' டிக்கெட் வாங்கப் போகிறீர்களா? டிக்கெட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா பாருங்கள்

மிலான் போகத் திட்டம் போட்டிருப்பவர்கள், அதிலும் லியோனார்டோ டாவின்சியின் 'லாஸ்ட் சப்பர்' (இறுதி இராவுணவு) ஓவியத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றிருப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஆளுக்கு 79 யூரோ வீதம் நான்கு பேருக்குக் கட்டிவிட்டு, அந்த ஓவியத்தின் லேமினேட் போட்ட படத்தைத் தெருவில் நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறோம்.

ஆன்லைனில் வாங்கிய அரை நாள் சுற்று அது. டுவோமோ பேராலயத்துக்குள் வரிசையில் நிற்காமல் நுழைவு, கலேரியா, ஸ்ஃபோர்சா கோட்டை, கடைசியில் லாஸ்ட் சப்பர். 'எல்லா நுழைவுக் கட்டணமும் உட்பட' என்று மின்னஞ்சலில் தெளிவாகவே போட்டிருந்தார்கள். என் மாமனார் பள்ளியில் ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மிலானைப் பயணத்தில் சேர்த்ததே அவருக்காகத்தான்.

டுவோமோ வாசலிலேயே ஆட்டம் ஆரம்பித்தது. "இன்றைக்கு உள்ளே ஒரே கூட்டம், வெளியிலிருந்து பார்ப்பதுதான் அழகு" என்றார் கைடு. வெளியிலேயே வைத்து, 1386-இல் கட்ட ஆரம்பித்தது, 3,400 சிலைகள், 135 ஊசிக் கோபுரங்கள் என்று ஒப்பித்துவிட்டு நடக்கத் தொடங்கினார். அந்தச் சதுக்கத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. "சும்மாதான், அன்பளிப்பு" என்று சொல்லிக்கொண்டே மணிக்கட்டில் கலர் நூலைக் கட்டுவார்கள். முடிச்சு இறுகியதும் காசு கேட்பார்கள். புறாவுக்குப் போட உள்ளங்கையில் மக்காச்சோளத்தைக் கொட்டுபவர்களும் அதே ரகம். கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நடப்பதுதான் வழி.

கலேரியாவுக்கு டிக்கெட்டே கிடையாது, அது கண்ணாடிக் கூரை போட்ட கடைவீதி. தரையில் பதித்த காளையின் மேல் குதிகாலை வைத்துச் சுற்றுகிற சடங்கைச் செய்யவைத்தார். சுற்றிச் சுற்றியே அந்த இடம் குழிந்து கிடக்கிறது. ஸ்ஃபோர்சா கோட்டையின் முற்றங்களும் எல்லோருக்கும் இலவசம். உள்ளே இருக்கும் அருங்காட்சியகங்களுக்குத்தான் டிக்கெட், அங்கே அவர் எங்களை அழைத்துப் போகவே இல்லை. ஆக, அதுவரை நாங்கள் கட்டிய பணத்தில் ஒரு யூரோகூட நுழைவுக்கு என்று செலவாகவில்லை.

அடுத்து சாந்தா மரியா தெல்லே கிராட்சியே தேவாலயம். ஓவியம் இருப்பது தேவாலயத்துக்குள் இல்லை. பக்கத்தில், டொமினிக்கன் துறவிகள் சாப்பிட்ட கூடத்தின் சுவரில். அதற்கு வாசலும் தனி, டிக்கெட்டும் தனி. தேவாலயத்துக்குள் யார் வேண்டுமானாலும் சும்மா போகலாம். கைடு எங்களைத் தேவாலயத்தை ஒரு சுற்று சுற்றிக் காட்டி வெளியே கூட்டி வந்து, பையிலிருந்து லேமினேட் படத்தை எடுத்தார். ஓரங்கள் பிரிந்து, நடுவில் மடிப்பு விழுந்த படம். பேனா முனையால் ஒவ்வொரு சீடராகத் தொட்டுக் காட்டினார். யூதாஸ் கையில் இறுக்கிப் பிடித்திருக்கும் பணப்பையை மட்டும் ரொம்ப விலாவாரியாக விளக்கினார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"உள்ளே எப்போது?" என்று என் கணவர் கேட்டார். "கூடத்தில் பராமரிப்பு வேலை, இன்று மூடியிருக்கிறது" என்று பதில். அவர் சொல்லி வாய் மூடவில்லை, இடது பக்க வாசல் வழியாக ஒரு கூட்டம் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்தபடி உள்ளே போகிறது! நேரே கவுண்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் எங்கள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிறுவனத்தின் லோகோ, ஒரு கியூஆர் கோடு, 'பெரியவர்கள் 4'. அவ்வளவுதான். இது நாங்கள் கொடுக்கும் டிக்கெட்டே இல்லை, கூடம் வழக்கம்போலத் திறந்துதான் இருக்கிறது, இன்றைக்கு இடம் எதுவும் பாக்கி இல்லை என்று சொல்லிவிட்டார். வெளியே வந்தால் கைடு ஆளைக் காணோம்.

"விடும்மா, உள்ளே போனாலும் கால் மணி நேரம்தானே" என்றார் மாமா. முகத்தைப் பார்த்தால் விட்ட மாதிரி தெரியவில்லை.

அந்தக் கால் மணி நேரத்துக்கும் காரணம் இருக்கிறது. ஈரச் சாந்தில் வரைவதுதான் அன்றைய சுவரோவிய முறை. லியோனார்டோ 1490-களில் இதைக் காய்ந்த சுவரில் வரைந்தார், அவர் காலத்திலேயே வண்ணம் உதிரத் தொடங்கிவிட்டது. 1943-இல் கூடத்தின் மேல் குண்டு விழுந்தபோது, மணல் மூட்டை அடுக்கியிருந்ததால் இந்தச் சுவர் தப்பியது. பிறகு 1978 தொடங்கி 1999 வரை சீரமைப்பு. இன்றைக்கும் தூசியும் ஈரப்பதமும் புகாமல் அடுத்தடுத்த கதவுகள் வழியாக, ஒரு நேரத்தில் 40 பேருக்கு மிகாமல், 15 நிமிடம்தான் விடுகிறார்கள். இந்தத் தட்டுப்பாட்டில்தான் இப்படிப் போலியாகச் சுற்று விற்பவர்களின் பிழைப்பு ஓடுகிறது.

அசல் டிக்கெட்டில் தேதி, நேரம், பார்க்கப் போகிறவரின் பெயர் எல்லாம் இருக்கும். வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். லாஸ்ட் சப்பர் அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் 15 யூரோ அளவில்தான் விலை. சில மாதங்களுக்கு உரியதை மொத்தமாகத் திறப்பார்கள், சீக்கிரமே தீர்ந்துவிடும். கைடோடு சேர்த்து நேர்மையாக விற்கிற நிறுவனங்களும் உண்டு, ஆனால் அவர்கள் முன்கூட்டியே உங்கள் பெயர்களைக் கேட்டு வாங்குவார்கள். பெயரே கேட்காமல் பணத்தை மட்டும் வாங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். திங்கள்கிழமை விடுமுறை, அந்தத் தேதிக்கு யாராவது விற்றால் யோசிக்கவே வேண்டாம்.

டிக்கெட் கிடைக்காதவர்கள் அம்ப்ரோசியானா என்ற நூலகமும் ஓவியக்கூடமும் சேர்ந்த இடத்துக்குப் போங்கள். மறுநாள் நாங்களே போனோம். லியோனார்டோ கைப்பட எழுதி வரைந்த தாள்களின் பெரிய தொகுப்பு அங்கேதான் இருக்கிறது. ரஃபேல் தன் 'ஏதென்ஸ் பள்ளி' சுவரோவியத்துக்காகக் கரியால் வரைந்த முழு அளவு முன்வரைவும் உண்டு. மாமா அதன் முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. பிறகு கோட்டையில் மைக்கேலாஞ்சலோ முடிக்காமல் விட்ட ரொண்டானினி பியெத்தா சிலை. டுவோமோ மொட்டைமாடிக்கு ஏற லிஃப்ட் இருக்கிறது.

நிறுவனத்துக்கு எழுதினால், அடுத்த சுற்றுக்கு 20 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்புகிறார்கள்! விளம்பரப் பக்கம், மின்னஞ்சல், சீட்டு மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கார்டு கொடுத்த வங்கியில் டிஸ்ப்யூட் போட்டிருக்கிறோம். வங்கி கூடுதல் விவரம் கேட்டிருக்கிறது, அனுப்பியாகிவிட்டது. பணம் திரும்பி வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.