தேர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டு இரண்டு வருஷம்: நுவரெலியாவில் ஒரு பழைய கொரோலா

பழைய கார் வாங்கினால் உள்ளே தேர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும்வரை, அதைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் சின்ன வால்வு) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என் கொரோலா 121இல் இல்லை. முந்தைய உரிமையாளர் காலத்தில் ஏதோ ஒரு கராஜில் கழற்றி எறிந்திருக்கிறார்கள். "இது சூடான நாடு, இதெல்லாம் தேவையில்லை" என்ற அதே கதைதான். கொழும்பில் அப்படிப் பேசலாம், நுவரெலியா இருப்பது 1,868 மீற்றர் உயரத்தில், ஜனவரி விடியலில் புல்லில் பனி உறைகிற ஊர்.

அது இல்லாவிட்டால் கூலன்ட் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே ஓடும், எஞ்சின் சரியாகச் சூடேறாது, றம்பொடை இறக்கத்தில் அக்ஸிலேட்டரை விட்டால் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி இறங்கிவிடும், எஞ்சின் குளிராகவே இருப்பதால் கம்ப்யூட்டரும் பெற்றோலைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஹீட்டரிலும் சூடு வராது. ஏற்றத்துக்காவது நல்லதுதானே என்பார்கள். எல்லா எஞ்சினுக்கும் அது பொருந்தாது. சிலவற்றில் தேர்மோஸ்டாட் திறக்கும்போதே, ரேடியேட்டரைத் தொடாமல் சுற்றிப் போகும் பைபாஸ் வழியை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி, ஏற்றத்தில் ஓவர்ஹீட் கூட ஆகலாம்.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போன மச்சானிடம் சொல்லி, 82 டிகிரியில் திறக்கத் தொடங்குகிற ஒன்று எடுத்தேன். போடுவதற்கு முன் பழைய சட்டியில் தண்ணீரை அடுப்பில் வைத்து, அடியில் முட்டாமல் நூலில் தொங்கவிட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்துதான் வால்வைத் தள்ளுகிறது. முழுதாகத் திறக்க 95 டிகிரி அளவு வேண்டும், ஆனால் நம் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் கொஞ்சம் குறைவாகத் திறந்தால் சாமான் பழுது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

வேலை எஞ்சின் ஆறிய பிறகுதான். பெற்றரியின் நெகட்டிவைக் கழற்றி, கூலன்ட்டை ஒரு பேசினில் பிடியுங்கள், இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும், அது விஷம். ஓல்டர்னேட்டரைக் கழற்றினால்தான் கை தாராளமாகப் போகிறது, அரை நாள் அதற்கே போய்விடும். ஸ்பிரிங் பக்கம் எஞ்சினுக்குள், சின்ன ஆடும் வால்வு மேலே, ரப்பர் வளையம் புதிது. அப்புறம் கூலன்ட் வழியில் சிக்கிய காற்றை எடுக்கிற வேலை. காரின் மூக்கு மேலே பார்க்கிற மாதிரி ஒரு மேட்டில் நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தே ஸ்டார்ட் பண்ணி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, குமிழி நிற்கும்வரை கூலன்ட் ஊற்ற வேண்டும். மேட்டுக்கு நம் பக்கம் பஞ்சமா?

இரண்டு வருஷத்துக்குப் பிறகும் ஊசி பாதிக்குச் சற்றுக் கீழே அசையாமல் நிற்கிறது, புசல்லாவை இறக்கமானாலும் சரி, கம்பளை வெயிலில் வாகன நெரிசலானாலும் சரி. பெற்றோலும் மிச்சம்தான், ஆனால் அதே வாரம் ஸ்பார்க் பிளக்கும் மாற்றியதால் முழுப் பேரையும் இதற்குக் கொடுக்க மாட்டேன். காலையில் ஹீட்டர் சூடாக நானுஓயா வரை போக வேண்டியிருக்கிறது, அது மட்டும்தான் குறை.